மொட்டைக் கடிதமும் மூடிய உறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை புலவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் உரியது. யாமோ மெட்ரிகுலேஷன் மட்டும் தேறியவர். தந்தையார் பணிக்காலத்திலேயே மறைந்தமையால், அவர் உழைத்த இரயில்வேயிலேயே கருணை அடிப்படையில் எழுத்தராய் அமர்ந்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே எம் தொழில். ஆகவே இன்று பேச வந்திருப்பதும் கோப்பைப் பற்றியே. அக்கோப்புகள் நம் நாட்டினவல்ல. எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டில் கட்டப்பட்டவை.

இப்பொருளை யாம் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். 2023ஆம் ஆண்டில் ஓப்பன்ஹைமர் என்னும் விஞ்ஞானியைப் பற்றிய திரைப்படம் வந்தது. காலனிப் பிள்ளைகள் கூட்டமாகச் சென்று பார்த்து வந்தனர். மறுநாள் சங்கத்தின் படிப்பகத்தில் ஒரு சிறுவன், "மாமா, அணுகுண்டு செய்து கொடுத்தவரையே அந்த நாட்டுக்காரர்கள் ஏன் சந்தேகப்பட்டார்கள்? அவர் என்ன தப்புச் செய்தார்?" என்று கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூசி, ஓராண்டுக் காலம் கிடைத்தவற்றைப் படித்தோம். ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியை 1954இல் பறித்த முடிவை, 68 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில் அந்நாட்டு அரசே தள்ளுபடி செய்துவிட்டது. அவர் பெரியவர், அவர் கதை படமாயிற்று. எம் மனம் தேடியது வேறு. எம்மைப்போன்ற குமாஸ்தாக்களுக்கும், நம்மைப்போலப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்ந்த குடும்பங்களுக்கும் அக்காலத்தில் என்ன நேர்ந்தது என்பதே அத்தேட்டம்.

அச்சம் பிறந்த வகை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அமெரிக்கர் அஞ்சியது வெறும் நிழலைக் கண்டு அன்று. 1945இல் உலகப்போர் முடிந்தபோது அணுகுண்டு அவர்கள் கையில் மட்டுமே இருந்தது. நான்கே ஆண்டுகளில், 1949 ஆகஸ்டில், சோவியத் நாடும் அணுகுண்டை வெடித்துக் காட்டிற்று. அதே ஆண்டு அக்டோபரில் சீனத்தில் கம்யூனிஸ்டுகளின் ஆட்சி ஏற்பட்டது. 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. அணு இரகசியங்களைச் சோவியத்துக்கு அளித்ததாகக் கிளாஸ் ஃபூக்ஸ் என்னும் விஞ்ஞானி அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் ஒப்புக்கொண்டார். சோவியத் தந்திகளின் மறைமொழியை அமெரிக்கர் உடைத்துப் படித்த 'வெனோனா' காகிதங்கள் 1995இல் வெளியிடப்பட்டபோது, அரசுப் பணியிலேயே ஒற்றர் சிலர் இருந்தது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது.

ஊரில் திருடன் நடமாடுகிறான் என்றால் கதவைத் தாழிடுவது அறிவுடைமை. அண்டை வீட்டார் எல்லோருடைய பெட்டியையும் திறந்து பார்ப்பதும், எவன் பெயரை எவன் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்வதும் அறிவுடைமை ஆகா. அமெரிக்காவில் நடந்தது இவ்விரண்டாவது வகை.

ஓர் ஆணையும் ஒரு பட்டியலும்

1947 மார்ச் 21ஆம் நாள் அதிபர் ட்ரூமன், 9835 என்னும் எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். மத்திய அரசின் சிவில் ஊழியர் ஒவ்வொருவரும், பெரிய அதிகாரி முதல் தபால்காரர் ஈறாக, நாட்டுக்கு விசுவாசமானவர்தாமா என்று பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது அவ்வாணை. ஊழியரின் பெயர்கள் எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறையின் பதிவுகளோடு ஒத்துப் பார்க்கப்பட்டன. ஏதேனும் ஒரு குறிப்பு இருந்தால் முழு விசாரணை தொடங்கும். அண்டை வீட்டாரையும் பழைய ஆசிரியரையும் வீட்டுச் சொந்தக்காரரையும் கண்டு கேட்பர். அவர்கள் சொன்னதெல்லாம் கோப்பில் ஏறும். சொன்னவர் பெயர் மட்டும் ஏறாது.

இவற்றோடு அட்டர்னி ஜெனரல் ஒரு பட்டியலையும் வெளியிட்டார். நாட்டுக்கு ஆகாதவை என அவர் கருதிய சங்கங்களின் பட்டியல் அது. பட்டியலில் ஏறுமுன் அச்சங்கங்களிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. அவற்றில் ஒன்றில் உறுப்பினராய் இருந்தாலும், அதனோடு பழகினாலும், அது கோப்பில் ஒரு குறையாக எண்ணப்பட்டது.

எழுத்தராகிய எமக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. எஃப்.பி.ஐ.யை 1924 முதல் 1972இல் தாம் இறக்கும்வரை தலைமை தாங்கி நடத்திய ஜே. எட்கர் ஹூவர், இளமையில் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் சிற்றூழியராய் இருந்தவர். நூல்களை அட்டையில் குறித்து அகர வரிசையில் அடுக்கும் முறையை அங்கே பயின்றார். 1919இல் தீவிரவாதிகளைக் கண்காணிக்கும் பிரிவு அவர் பொறுப்பில் வந்தபோது, நூல்களுக்குச் செய்ததை மனிதர்களுக்குச் செய்தார். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கான அட்டைகள் சேர்ந்தன. நூலகத்து அட்டை நூலைத் தேடி எடுக்க உதவுவது. இந்த அட்டை மனிதனைத் தேடிப் பிடிக்க உதவியது.

விதியில் சொற்கள் மாறினால் வாழ்க்கைகள் மாறும் என்பதைக் காகிதத் தொழில் செய்வோர் அறிவர். 1947 ஆணையின்படி, ஒருவர் விசுவாசமற்றவர் என்று நம்புவதற்கு 'நியாயமான காரணம்' இருந்தால்தான் நீக்கலாம். 1951 ஏப்ரலில் அது திருத்தப்பட்டு, 'நியாயமான ஐயம்' இருந்தாலே போதும் என்றாயிற்று. முன்பு குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவர் பலரின் கோப்புகள் மறுபடியும் அவிழ்க்கப்பட்டன. 1947 முதல் 1956 வரை ஐம்பது இலட்சம் ஊழியர் பரிசீலிக்கப்பட்டனர் என்றும், ஏறத்தாழ 2,700 பேர் நீக்கப்பட்டனர் என்றும், 12,000 பேர் தாமே விலகினர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. ஆயினும் இப்பரிசீலனைக்கு மேல் வாரியத் தலைவராய் இருந்தவரே, இம்முறையால் ஓர் ஒற்றும் பிடிபடவில்லை என்று 1950இல் செனட் குழுவின்முன் சொன்னார்.

யார் சொன்னார் என்று தெரியாது

டாரதி பெய்லி என்னும் அம்மையார் வாஷிங்டனில் அரசின் வேலைவாய்ப்புத் துறையில் பயிற்சிப் பிரிவில் பணிபுரிந்தார். தொழிற்சங்கக் கிளை ஒன்றின் தலைவராகவும் இருந்தவர். அவர் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவர் என யாரோ சிலர் புலனாய்வுத் துறைக்குச் சொல்லியிருந்தனர். அம்மையார் சத்தியப் பிரமாணம் செய்து மறுத்தார். அவரை அறிந்தவர் பலர் அவருக்காக எழுதிக் கொடுத்தனர். அவருக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் நின்றவர் ஒருவருமில்லை. குற்றம் சொன்னவர் யார் என்று அவர் கேட்டார். அவர்கள் யார் என்பது தமக்கும் சிறிதும் தெரியாது என்று விசாரணைக் குழுத் தலைவரே விடை சொன்னார்.

அவரிடம் கேட்ட கேள்விகளுள் ஒன்று கேளுங்கள். மருத்துவத்திற்குத் தானமாகப் பெறும் இரத்தத்தைக் கறுப்பர் இரத்தம், வெள்ளையர் இரத்தம் என்று பிரித்து வைப்பதைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்திற்குக் கடிதம் எழுதியதுண்டா என்பது அக்கேள்வி. நியாயத்திற்காக ஒரு கடிதம் எழுதுவதும் ஐயத்திற்கு இடமாயிற்று. அம்மையார் வேலை இழந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1951 ஏப்ரல் 30ஆம் நாள் நீதிபதிகள் நால்வர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாய்ப் பிரிந்து நின்றமையால், கீழ்த் தீர்ப்பே நிலைத்தது. போன வேலை போனதுதான்.

நம் திருக்குறளில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே உண்டு. ஒற்றரை வைத்தல் அரசுக்கு வேண்டும் என்றே வள்ளுவர் கூறுகிறார். ஆனால் ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் அங்கேயே வற்புறுத்துகிறார். செய்தி சொன்னவன் யார் என்பதையே அறியாமல் தீர்ப்பளிப்பதை அவர் எந்த அதிகாரத்தில் வைத்திருப்பாரோ, அறியோம்.

கால்களைக் கொடுத்த எழுத்தர்

இனிச் சொல்லப்போகிறவர் எம் தொழிலைச் சேர்ந்தவர். கோப்புகளை அடுக்கி எடுத்துக் கொடுக்கும் எழுத்தர். பெயர் ஜேம்ஸ் குட்சர். உலகப்போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து, 1943இல் இத்தாலியப் போர்முனையில் இரு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களை மாட்டி, இரு ஊன்றுகோல்களைப் பிடித்து மீண்டும் நடக்கக் கற்று, 1946இல் நுவார்க் நகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அமர்ந்தார்.

1948இல் அவருக்குப் பணிநீக்க அறிவிப்பு வந்தது. அவர் செய்த குற்றம் சோஷலிஸ்டுத் தொழிலாளர் கட்சி என்னும் சிறு கட்சியில் உறுப்பினராய் இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. அக்கட்சி ஸ்டாலினுக்குப் பகையான கட்சி. ஆயினும் அதன் பெயர் அட்டர்னி ஜெனரலின் பட்டியலில் இருந்தது. பட்டியலில் இருப்பது ஏன் என்று ஆராய்வது மேசையில் இருப்பவரின் வேலையன்று அன்றோ! அவர் தம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் கையில் நாட்டு இரகசியம் எதுவும் இல்லை.

துன்பம் அத்தோடு நிற்கவில்லை. குட்சர் முதிய பெற்றோருடன் அரசு உதவியால் கட்டப்பட்ட குறைந்த வாடகைக் குடியிருப்பில் இருந்தார். பட்டியலில் உள்ள எந்தச் சங்கத்திலும் வீட்டார் ஒருவரும் இல்லை என்று எழுதிக் கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என 1952இல் புதிய விதி வந்தது. காலனிக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மகன் கட்சியை விடமாட்டான், தந்தை மகனை விடமாட்டார், வீடோ அரசினுடையது. பின்னர் 1955 டிசம்பரில், கால்களை இழந்ததற்காக அளித்து வந்த உதவித்தொகையையும் நிறுத்துவதாக அறிவித்தனர்.

அவர் அழுது ஒதுங்கவில்லை, மனு எழுதினார், வழக்காடினார், தொழிற்சங்கங்கள்முன் சென்று நின்று பேசினார். வீட்டு வழக்கில் நியூ ஜெர்ஸி மாநில உச்ச நீதிமன்றம் 1955இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உதவித்தொகை அடுத்த மாதமே திரும்பியது. 1956இல், எட்டாண்டுகள் கழித்து, அவர் பழைய மேசைக்கே எழுத்தராய்த் திரும்பினார். வென்றார் என்று நாம் மகிழலாம். ஆனால் ஒரு குமாஸ்தாவின் வாழ்வில் எட்டாண்டு என்பது என்ன என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அறிவர்.

தாய்மொழிச் செய்தித்தாள்

மைலோ ரடுலோவிச் என்பவர் மிச்சிகன் மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவர். விமானப் படையின் சேமப் பிரிவில் லெப்டினன்ட். 1953இல் அவரைப் படையினின்று விலக்கத் தொடங்கினர். அவருடைய விசுவாசத்தில் ஐயமில்லை என்று விமானப் படையே சொன்னது. குறை அவர் தந்தையினிடத்தும் உடன்பிறந்தாளினிடத்தும்! தந்தையார் செர்பிய நாட்டினின்று குடியேறி, மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையிலும் இருந்தவர். அவர் தம் தாய்மொழியாகிய செர்பிய மொழியில் ஒரு செய்தித்தாள் வாங்கிப் படித்தார். அச்செய்தித்தாள் கம்யூனிஸ்டுச் சார்புடையதாம். எனவே மகனுக்குத் தந்தையோடு உறவு இருக்கும்வரை படையில் இடமில்லை.

விசாரணையில் சான்று என்று ஒரு மூடிய உறை இருந்தது. அது அவருக்கும் அவர் வழக்கறிஞருக்கும் திறந்து காட்டப்படவில்லை. தந்தையைக் கைவிட்டால் தப்பலாம் என்ற நிலையில் மகன் மறுத்துவிட்டார். ஒரு நாடு தன் குடிகளிடம் இதைக் கேட்கத் தொடங்கினால் இதற்கு எல்லை எங்கே என்பதே அவர் வாதம்.

அவருக்கு உதவியது தொலைக்காட்சி. எட்வர்டு மரோ என்னும் செய்தியாளர் 1953 அக்டோபர் 20ஆம் நாள் அவர் வழக்கை நாட்டுக்குச் சொன்னார். நிகழ்ச்சிக்குச் செய்தித்தாளில் விளம்பரம் தர அவர் நிறுவனம் பணம் கொடுக்க மறுக்க, மரோவும் அவர் தோழரும் கைப்பணத்திலேயே விளம்பரம் செய்தனர். ஐந்து வாரத்தில் ரடுலோவிச்சைப் படையில் வைத்துக்கொள்வதாக விமானப் படைச் செயலர் அறிவித்தார்.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து ஒரு நாள் பிந்தி வந்தாலும் நம் பெரியவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்ச் செய்தித்தாளின் கடைசி வரிவரை படித்த காலத்தை நாம் கண்டிருக்கிறோம். அயலார்க்கு அவ்வெழுத்துத் தெரியாது. தெரியாத எழுத்தில் என்ன இருக்கிறதோ என்று ஒருவர் ஐயுறத் தொடங்கினால், அப்பெரியவர் என்ன செய்வார்?

நம் சங்கம் போன்றதொரு சங்கம்

அமெரிக்காவில் குடியேறிய தொழிலாளருக்கு 1930இல் ஒரு சங்கம் தோன்றியது. சர்வதேசத் தொழிலாளர் சங்கம் என்று பெயர். யூதர், ஹங்கேரியர், உக்ரேனியர் எனத் தனித்தனி மொழிப் பிரிவுகள் அதில் இருந்தன. குறைந்த சந்தாவில் ஆயுள் காப்பீடு, நோய்க்கால உதவி, பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு, பாடற் குழு என்று நடந்தது. உயர்ந்த நாளில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் உறுப்பினர் இருந்தனர். தலைவர்கள் கம்யூனிஸ்டுகள் என்பது உண்மையே. உறுப்பினரில் பெரும்பாலோர் வந்தது காப்பீட்டுக்காகவும் தம்மவரோடு கூடிப் பாடுவதற்காகவுமே.

1947இல் அதன் பெயர் பட்டியலில் ஏறிற்று. நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறை அதன் கணக்குகளைச் சோதித்தது; நிதிநிலை உறுதியாக இருந்தது. கணக்கில் குறை காணாதவிடத்தும், அரசியல் காரணத்தால் உறுப்பினர்க்கு இடர் வரும் என்று கூறி, அதைக் கலைக்க வழக்குத் தொடுத்தது. 1951இல் நீதிமன்றம் இசைந்தது. 1954இல் சங்கம் கலைந்தே போயிற்று. அடக்கச் செலவுக்கென்று வாரந்தோறும் சில்லறை சேர்த்த முதியவர்களின் சங்கம் அது.

பேச்சாளர் போனார், கோப்பு இருந்தது

இவ்வளவு சொல்லியும் மெக்கார்த்தியின் பெயரை யாம் இன்னும் சொல்லவில்லை. காரணம் உண்டு. செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி 1950 பிப்ரவரி 9ஆம் நாள் வீலிங் என்னும் ஊரில் எழுந்து, வெளியுறவுத் துறையில் உள்ள கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையில் இருப்பதாக முழங்கினார். 205 என்றார், பின்னர் 57 என்றார், பிறகு 81 என்றார். நான்காண்டுகள் நாட்டை நடுங்க வைத்தார். 1954 டிசம்பர் 2ஆம் நாள் செனட் சபை 67க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது, 1957இல் இறந்தார். அக்காலம் முழுவதையும் அவர் பெயராலேயே உலகம் அழைக்கிறது. ஆனால் ட்ரூமனின் ஆணை அவர் முழக்கத்துக்கு மூன்றாண்டு மூத்தது. டாரதி பெய்லியையும் ஜேம்ஸ் குட்சரையும் நீக்கியது மெக்கார்த்தி அல்லர். ஒழுங்காகப் பத்து மணிக்கு வந்து, ஒழுங்காகக் கையெழுத்திட்டு, ஒழுங்காக வீடு திரும்பிய அலுவலர்கள்.

மெக்கார்த்தி போன பின்னும் கோப்பு வளர்ந்தது. நெருக்கடி வந்தால் பிடித்து அடைக்க வேண்டியவர் என 1954இல் 26,000 பேருக்கு மேல் எஃப்.பி.ஐ.யின் பட்டியலில் இருந்தனர். சோவியத் நாட்டோடு நடந்த கடிதப் போக்குவரத்தை மத்திய உளவுத் துறையினர் நியூயார்க்கில் இருபது ஆண்டுகள் இரகசியமாகக் கவனித்து, இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கடிதங்களைப் பிரித்துப் படித்தனர். 1956இல் கட்சிகளையும் இயக்கங்களையும் உள்ளிருந்தே குலைக்கும் திட்டம் ஒன்றையும் எஃப்.பி.ஐ. தொடங்கிற்று. பொய்யான மொட்டைக் கடிதம் எழுதி, நண்பரை நண்பரிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் பிரிப்பதும் அதன் வழிகளுள் ஒன்று. 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவில் மீடியா என்னும் சிற்றூர் அலுவலகத்தில் சில குடிமக்கள் இரவில் புகுந்து காகிதங்களை எடுத்துச் செய்தித்தாள்களுக்கு அனுப்பியதால்தான் இது வெளிப்பட்டது. 1975இலும் 1976இலும் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் நடந்த விசாரணை மீதியை வெளிக்கொணர்ந்தது. குற்றம் சொன்னவரை எதிர்கொள்ளும் உரிமை ஊழியருக்கு வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1959இல் ஒரு வழக்கில் வற்புறுத்தியிருந்தது. நீதி வந்தது, பாசஞ்சர் வண்டிபோல, ஒவ்வொரு நிலையத்திலும் நின்று வந்தது.

நம் நாட்டிலும்

இஃது அயல்நாட்டுக் கதை என்று அமைய முடியாது. 1949இல் நம் இரயில்வேயிலும் தேசப் பாதுகாப்புக்கென்று விதிகள் வந்தன. நாசவேலையில் ஈடுபட்டவர் என நியாயமான ஐயம் எழுந்தால் ஊழியரை நீக்கலாம் என்றன அவை. அவ்வாறு நீக்கப்பட்ட இரயில்வே ஊழியர் சிலர் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். விதிகள் செல்லும் என்றே 1957இல் தீர்ப்பாயிற்று. 1983இல் மற்றொரு வழக்கு வந்தது. ஓர் ஆசிரியர் முன்பு தடையில்லாத ஓர் இயக்கத்தில் பங்குகொண்டிருந்தார் என்ற போலீசு அறிக்கையைக் கொண்டு மத்தியப் பிரதேச அரசு அவரை நீக்கியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள் அமெரிக்க நீதிபதிகளின் கருத்துகளையும் எடுத்துக்காட்டி, கடந்த கால அரசியல் நம்பிக்கைக்காக ஒருவருக்கு வேலையை மறுப்பது அரசியல் சட்டத்திற்கு ஒவ்வாது என்றார்.

எம் மேசையில் நடந்தது

இனி ஒன்றைச் சொல்லாமல் யாம் இறங்கினால் இப்பேச்சு பொய்யாகிவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் யாம் வேறோர் ஊரில் ஓர் அலுவலகத்தில் இருந்தோம். அவ்வறையில் எழுத்தர் அறுவர். அறுவரில் ஒருவர் மாலையில் அருகிலிருந்த குடிசைப் பகுதியில் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஹிந்தியும் சொல்லிக் கொடுத்து வந்தார். ஒரு நாள் தபாலில் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று வந்தது. அவர் இரவில் தடை செய்யப்பட்ட இயக்கத்தாரைச் சந்திக்கிறார் என்றும், வகுப்பு என்பது வேடம் என்றும் அதில் இருந்தது. அஃது அப்பட்டமான பொய். எங்களில் இருவர் அவ்வகுப்புக்குப் போய்ப் பார்த்தவர்கள். கையெழுத்தில்லாத புகாரின்மேல் நடவடிக்கை எடுக்கலாகாது என்ற விதியும் உண்டு. அவ்விதியைக் குறித்து, 'கோப்பிலிட்டு முடிக்கலாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அன்றே அது முடிந்திருக்கும்.

அவ்வரியை யாம் எழுதவில்லை. எழுதினால், இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று மேலே கேட்பார்களோ என்று அஞ்சினோம். 'ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதி, சுருக்கொப்பமிட்டு, மேலே அனுப்பினோம். விசாரணை இரண்டாண்டு நடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குள் அவருடைய பதவி உயர்வு கடந்துவிட்டது. தொலைவிலுள்ள நிலையம் ஒன்றிற்கு மாற்றலும் வந்தது. புறப்படும் நாளில் ஒவ்வொரு மேசையாக வந்து விடைபெற்றார். எங்களிடம், "நீங்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்தீர்கள், அதுதான் எனக்குத் தைரியம்" என்றார். யாம் தலை நிமிரவில்லை.

இதுகாறும் யாம் 'யாங்கள்', 'எங்கள்' என்று சொன்னதற்குள் ஒளிந்துகொண்டோம். ஐவர் அறிந்திருந்தோம் என்பது மெய். சுருக்கொப்பம் இட்ட கை இதுவே.

காகிதத்தின் வழியே அநீதி நடக்கிறது என்றால், அதைத் தடுக்கும் வழியும் காகிதத்திலேயே உண்டு. அமெரிக்காவிலேயே முன்னொரு காலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். 1920 ஜனவரியில், முன்னர்ச் சொன்ன ஹூவரின் பிரிவு திட்டமிட, ஆயிரக்கணக்கான குடியேறியோர் ஓரிரவில் பிடிக்கப்பட்டனர். அவர்களை நாடு கடத்தும் ஆணைகள் தொழிலாளர் துறைக்கு வந்தன. அங்கே பொறுப்பில் இருந்த லூயி போஸ்ட் எழுபது வயது முதியவர். அவர் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தம் மேசைக்கு வரவழைத்துப் படித்தார், சான்றில்லாதவற்றை நீக்கினார், அவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆணைகளைத் தள்ளினார். அவரையே பதவி நீக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் சிலர் முனைந்தனர். அவர் நேரில் சென்று, தாம் செய்தது சட்டமே என்று விளக்க, அம்முயற்சி அடங்கிற்று. அவர் வீரச் செயல் எதையும் செய்துவிடவில்லை. கோப்பைத் திறந்து படித்தார்; உள்ளதை எழுதினார்; கையெழுத்திட்டார். அவ்வளவே. அவ்வளவும் எம்மால் இயலாது போயிற்று.

வேண்டுகோள்

சிலப்பதிகாரம் நமக்குப் புதிதன்று. கோவலன் மதுரைக்கு அயலூரான்; பிழைக்க வந்தவன். அவனைக் கள்வன் என்று ஒரு பொற்கொல்லன் சொன்னான். பாண்டியன் ஆராயவில்லை, ஆணையிட்டான். கண்ணகியின் சிலம்பு உடைந்து உண்மை தெரிந்தபோது அரசன் உயிரையே விட்டான். அவன் செய்த பிழை பெரிது. பிழையை ஒப்பிய நெஞ்சமும் பெரிது. ஆனால் அரசன் ஒருவன் மட்டுமா குற்றவாளி? பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு உடன் சென்ற காவலர் பலர். கோவலன் முகத்தைக் கண்டு ஐயுற்றவரும் அவர்களிடையே இருந்தனர் என்றே இளங்கோவடிகள் காட்டுகிறார். ஐயுற்ற பின்னும் கொலை நடந்தது.

இப்போது செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் யோசனைப் பெட்டியிலும் இவ்வாண்டு கையெழுத்தில்லாத கடிதங்கள் சில விழுந்தன. ஒரு குடும்பத்தைப் பற்றி அவற்றில் எழுதப்பட்டிருந்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அறிந்தும் அறியாதவர்போல் அவர்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டவர் சிலர். அக்குடும்பத்தார் இன்றைய விழாவுக்கு வரவில்லை. கையெழுத்தில்லாத கடிதம் குழுவில் படிக்கப்படாது என்று சங்க விதிகளில் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்தை எழுதும் வேலையை எமக்கே தாருங்கள். கீழே முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திடுவோம்.

விழா முடிந்ததும் அவர்கள் வீட்டிற்குப் பிரசாதப் பொட்டலம் எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். உடன் வர விரும்புவோர் வாயிலில் நில்லுங்கள்.